எந்த ஸ்டேஷன்?

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள். எதிர்க்கேள்விதான் வரும்: "எந்த ஸ்டேஷன்ணே?" நியாயமான கேள்வி. டவுன் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, தாலுகா போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. இது எந்த ஊரிலும் இருப்பதுதானே என்கிறீர்களா? போடியில் இன்னும் இரண்டு உண்டு. குரங்கணிக்கு மேலே மலையில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே ஒரு டாப் ஸ்டேஷன். இரண்டிலும் போலீஸ் கிடையாது, தண்டவாளம் கிடையாது. இரண்டும் ஊர்கள். மனிதர்கள் குடியிருக்கும், ரேஷன் கார்டு வைத்திருக்கும், ஓட்டுப் போடும் ஊர்கள்.

ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இத்தனை வேலை பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. அகராதியைத் திறந்தால் ஸ்டேஷனுக்குப் பத்துப் பதினைந்து பொருளாவது வரிசையாக இருக்கும். வரிசையாகப் படித்தால் ஒன்றும் மனசில் நிற்காது. ஒரு மலைச்சரிவை வைத்துக்கொண்டு பார்த்தால் கொஞ்சம் பிடிபடும்.

முதலில் வேர். லத்தீனில் 'ஸ்தாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்தாத்தியோ': நிற்றல், நிற்கும் இடம், காவலுக்கு நிற்கும் இடம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஸ்டேஷன் ஆனது. ஆக, அடிப்படையில் ஸ்டேஷன் என்றால் 'நிற்குமிடம்'. அவ்வளவுதான். யார் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. ரயில் நின்றால் ரயில் ஸ்டேஷன். காவலர் நின்றால் போலீஸ் ஸ்டேஷன். கப்பற்படை நின்றால் நேவல் ஸ்டேஷன். ஏசுநாதர் சிலுவை சுமந்து போன வழியை நினைத்து பதினான்கு இடங்களில் நின்று ஜெபிக்கிறார்களே, அந்த ஒவ்வோர் இடமும் ஆங்கிலத்தில் ஸ்டேஷன்தான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை ஸ்தலம் என்றும் நிலை என்றும் சொல்வார்கள்.

தமிழில் இதற்கு ஈடாக 'நிலையம்' போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். 'நில்' என்ற வினை, அதிலிருந்து 'நிலை', அதன் மேல் 'நிலையம்' என்று நம் காதில் விழுகிறது. லத்தீன்காரன் நடந்த அதே பாதை. வடமொழியில் 'நிலயம்' என்று தங்குமிடத்தைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு, அதன் வேர் வேறு. ஆனால் இன்றைக்கு ரயில் நிலையம் என்று சொல்லும்போது யாருக்கும் வடமொழி நினைவு வருவதில்லை. நிற்கிற ஞாபகம்தான் வருகிறது. அதிலும் 'நிலை' என்ற சொல் நம்மிடம் ரயிலுக்கு முன்னாலேயே இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்திரையில் வீரபாண்டித் தேர் ஓடும்போது "தேர் நிலைக்கு வந்திருச்சா?" என்று கேட்பார்கள். தேர் புறப்பட்டு, சுற்றி, திரும்ப வந்து நிற்கும் இடம் நிலை. ஒரு வண்டி புறப்படும் இடமும் வந்து சேரும் இடமும் ஒன்றாக இருப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதேதான் இங்கும்.

இன்னொரு உறவுக்காரர் வடக்கேயிருந்து வந்தவர். சமஸ்கிருதத்தில் 'ஸ்தா' என்றாலும் நிற்பதுதான். லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பம் என்பதால் இரண்டு வேர்களும் உடன்பிறப்புகள். அதிலிருந்து 'ஸ்தானம்'. அது இந்தியில் தேய்ந்து 'தானா' ஆனது, அதாவது போலீஸ் ஸ்டேஷன். அந்தச் சொல் தமிழுக்கு வந்து 'டாணா' ஆனது. போலீஸ்காரரை டாணாக்காரன் என்று சொன்ன தலைமுறை ஒன்று உண்டு. 2022-இல் அந்தப் பெயரில் ஒரு படமே வந்தது, போலீஸ் பயிற்சிப் பள்ளியைப் பற்றி. ஆக டாணா என்பதும் ஸ்டேஷன் என்பதும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பிரிந்துபோன பங்காளிகள். ஒருவர் வடக்கு வழியாகவும் ஒருவர் கடல் வழியாகவும் வந்து, கடைசியில் ஒரே காக்கிச் சட்டையின் மேல் ஒட்டிக்கொண்டார்கள்.

சரி, மலைக்கு வருவோம்.

குரங்கணி போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். (தூத்துக்குடி மாவட்டத்தில், முத்துமாலை அம்மன் கோயில் இருக்கும் குரங்கணி வேறு. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும்.) கொட்டகுடி ஆறு இந்த மலைகளில் பிறந்து போடி வழியாக ஓடி வைகையில் சேர்கிறது. இந்தப் பக்கம் ஏலக்காய், காப்பி, மா, மேலே போகப் போக சோலை, புல்மேடு. அதற்கும் மேலே எல்லை. எல்லைக்கு அப்பால் மூணாறின் தேயிலை.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். இருபது வருஷம் கழித்து, 1897-இல், கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. தேயிலை நட்டாயிற்று, வளர்ந்தாயிற்று, வறுத்து உலர்த்திப் பெட்டியில் அடைத்தாயிற்று. இப்போது அதை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். மூணாறிலிருந்து மேற்கே, கொச்சிப் பக்கம் இறங்குவது அன்றைக்குப் பெரும்பாடு. கிழக்கே மலை விளிம்புக்கு வந்துவிட்டால் கீழே தெரிவது தமிழ்நாட்டுச் சமவெளி. அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம்.

அதனால் இரண்டு ஏற்பாடு செய்தார்கள். மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு தண்டவாளம். 1902-இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம்: சின்னச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஓடும், வண்டி சாயாமல் இருக்க பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலை மேலேயே உருளும், மாடு இழுக்கும். ஈவிங் முறை என்று பெயர். பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே முறையில் ஓட்டினார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் பாதையே போட்டார்கள். பெட்டிகள் மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டி விளிம்புக்கு வரும். அதற்கு மேல் ரயில் போக முடியாது, பள்ளம். அங்கிருந்து பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, காட்டுக்கு மேலாகவே கீழே இறக்கினார்கள். கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட வழி, ரோப்வே.

ரோப்வே கட்டுகிற எஞ்சினியருக்கும் ஸ்டேஷன் என்ற சொல் வேண்டும். பெட்டியை ஏற்றும் இடம் ஒரு ஸ்டேஷன், இறக்கும் இடம் ஒரு ஸ்டேஷன், நடுவே கம்பியை இழுத்துப் பிடித்து அடுத்த பகுதிக்குக் கைமாற்றிவிடும் இடம் ஒரு ஸ்டேஷன். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். அடிவாரத்தில், கொட்டகுடியில், இருந்தது பாட்டம் ஸ்டேஷன். மூணு பெயரும் வரைபடத் தாளில் பென்சிலால் எழுதியவை மாதிரிதான் இருக்கின்றன, இல்லையா? ஊருக்குப் பெயர் வைக்கிறோம் என்ற எண்ணமே வைத்தவருக்கு இருந்திருக்காது. மேல், நடு, அடி. மாடிப்படிக்கு வைப்பது போல வைத்திருக்கிறார்.

அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டியில் போடி. போடியில் அப்போது ரயில் இல்லை. மதுரை–திண்டுக்கல் பாதையில் இருக்கும் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன், வரைக்கும் வண்டிதான்.

இதில் ஒரு விசித்திரம். 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை இன்றுவரை தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். குண்டளைப் பாதையை அது அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் போடவே இல்லை. நான்கு வருஷம் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. மலை மேலே ரயில் ஓடியபோது மலையடிவாரத்தில் ரயில் இல்லை. அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது மலை மேலே இருந்தது போயே போயிருந்தது. இரண்டும் ஒருநாள்கூட ஒன்றையொன்று பார்க்கவில்லை.

மூணாறில் அந்த ரயிலின் ஸ்டேஷன் கட்டடம் பிறகு தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. ஸ்டேஷன் கட்டடம் இருக்கிறது, ஸ்டேஷன் என்ற பெயர் இல்லை. டாப் ஸ்டேஷனில் நேர்மாறு. பெயர் இருக்கிறது, வேலை பார்த்த அமைப்பில் மிச்சம் சிதிலம்தான். அங்கே இறங்கும் சுற்றுலாப் பயணிகளில் பலர் இதைப் பார்க்கத் திரும்புவதுகூட இல்லை. குறிஞ்சி எப்போது பூக்கும், மேகம் எப்போது விலகும் என்பதுதான் அவர்கள் கவலை. அது சரிதான், அவ்வளவு தூரம் வந்தது அதற்குத்தானே. "இங்க ரயில் வருமா?" என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அது முட்டாள்தனமான கேள்வி இல்லை, நூறு வருஷம் தாமதமான கேள்வி.

மூன்றில் பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் செத்துவிட்டது. டாப் இருக்கிறது, சென்ட்ரல் இருக்கிறது, பாட்டம் பழைய புத்தகங்களில்தான். காரணம் எளிது என்று நினைக்கிறேன். அடிவாரத்தில் கொட்டகுடி, குரங்கணி என்று ஜனங்கள் புழங்கிய பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. எஞ்சினியர் வைத்த பெயர் அதன் மேல் ஒட்டவில்லை. மேலே இருந்த இரண்டு இடங்களும் வெளியாளுக்கு வெறும் காடு. முதுவர்கள் அங்கே ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் வைத்திருந்த பெயரை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. கம்பெனி வைத்ததே நின்றுவிட்டது. ஊர்ப்பெயர் வரலாற்றில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். பெயர் இல்லாத இடத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்பார்கள். உண்மையில் பெயர் கேட்காத இடத்துக்கு வைத்திருப்பார்கள்.

'சென்ட்ரல்' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். சென்னையில் சென்ட்ரல் என்று மொட்டையாகச் சொன்னால் ரயில் நிலையம். மதுரைப் பக்கம் "சென்ட்ரல்ல இருக்கான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் மத்தியச் சிறை. டீக்கடை அரசியலில் சென்ட்ரல் என்றால் டெல்லி. குரங்கணியில் "சென்ட்ரல்ல இருந்து வாரேன்" என்று ஒருவர் சொன்னால் மலைமேல் இருந்து நடந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். 2023 ஜூன் 15 முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கே ரயில் வருகிறது. மீட்டர்கேஜை நிறுத்தி, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த அகலப்பாதை. (அதற்கு முன்பும் ஒருமுறை, இரண்டாம் உலகப்போர் சமயத்தில், இந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டு 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். போடிக்காரர்கள் ரயிலுக்காகக் காத்திருந்து பழகியவர்கள்.) ஆக இப்போது சென்ட்ரலில் ரயிலேறி, போடியில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து போகலாம். ஒரு பெயர் இந்தியாவின் பரபரப்பான இடங்களில் ஒன்றுக்கு, அதே பெயர் வண்டி போகாத ஒரு மலைக் குக்கிராமத்துக்கு.

இங்கே ஸ்டேஷனின் இன்னொரு பொருளுக்குப் போக வேண்டும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு அர்த்தம் வைத்திருந்தார்கள். ஒரு மாவட்டத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் படை அதிகாரிகளும் குடியிருக்கும் பகுதி ஸ்டேஷன். இடம் மட்டுமல்ல, அங்கே இருக்கும் வெள்ளைக்காரச் சமூகத்துக்கே அந்தப் பெயர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கென்று 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதற்குத் தனிப் பதிவு கொடுத்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். ஸ்டேஷன் வாழ்க்கை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். இந்த அர்த்தத்தில் இருந்துதான் 'ஹில் ஸ்டேஷன்'. கொடைக்கானலில் ரயிலே இல்லாதபோது அது எப்படி ஸ்டேஷன் என்று பள்ளிக்கூடப் பையன் கேட்டால் பதில் இதுதான்: துரைமார் வெயிலுக்குப் பயந்து மேலே போய் நின்ற இடம். மலை வாசஸ்தலம் என்ற தமிழ்ப்பெயர் அந்த வரலாற்றை நாசூக்காக மறைத்துவிடுகிறது. ஆகவே டாப் ஸ்டேஷனும் ஹில் ஸ்டேஷனும் ஒன்றல்ல. ஒன்று தேயிலைப் பெட்டி நின்ற இடம், மற்றது துரை நின்ற இடம். இன்றைக்குச் சுற்றுலா விளம்பரங்கள் டாப் ஸ்டேஷனை ஹில் ஸ்டேஷன் ஆக்கிவிட்டன என்பது வேறு விஷயம்.

ஆங்கிலத்தில் ஸ்டேஷனுக்குச் சமூகத் தகுதி என்றும் ஒரு பொருள் உண்டு. ஒருவன் பிறந்த அந்தஸ்து, அவன் நிற்க வேண்டிய படி. அந்தப் படியைத் தாண்டி ஆசைப்படாதே என்று எச்சரிக்கும்போது அங்கே இந்தச் சொல் வரும். ரோப்வே கதையில் இந்தப் பொருள்தான் எனக்கு அதிகம் உறைக்கிறது. கம்பிவடம் கட்டியது தேயிலைப் பெட்டிக்கு. அந்தத் தேயிலையைப் பறிக்க இந்தச் சரிவு வழியாக மேலே போன தமிழ்க் கூலிகள் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக நடந்துதான் ஏறினார்கள். பெட்டிக்கு ஸ்டேஷன், ஆளுக்கு ஒற்றையடிப் பாதை. 2015 செப்டம்பரில் மூணாறில் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி நிறுத்திவிட்டு போனஸுக்கும் கூலிக்கும் உட்கார்ந்து போராடிய பெண்கள், 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்றவர்கள், பெரும்பாலும் இப்படி ஏறிப் போனவர்களின் பேத்திகள்.

'எஸ்டேட்' என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். லத்தீன் 'ஸ்தாத்துஸ்', நிற்கும் நிலை. அதிலிருந்து அந்தஸ்து, அதிலிருந்து சொத்து, அதிலிருந்து தேயிலைத் தோட்டம். பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும் 'ஸ்டேஜ்' அதே குடும்பம். பஸ் 'ஸ்டாண்ட்' தூரத்து உறவு, ஆனால் உறவுதான். எஸ்டேட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஸ்டேஜ் கணக்கில் டிக்கெட் எடுத்து, ஸ்டேஷனில் இறங்குகிற மனுஷன் ஒரே வினைச்சொல்லை நாலு தடவை உச்சரித்துவிடுகிறான்.

மற்ற பொருள்களைச் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். நில அளவையில் கருவியை ஊன்றி நின்று கோணம் பார்க்கும் இடம் ஸ்டேஷன். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை இப்படிப்பட்ட ஸ்டேஷன்களால் ஆனதுதான். பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அது 'ரிசர்ச் ஸ்டேஷன்'. ஆராய்ச்சிக்காரர்கள் பயிரின் பக்கத்திலேயே போய் நிற்கும் இடம். ரேடியோவில் ஸ்டேஷன். கொடைக்கானல் பண்பலையைத் தேனி மாவட்டம் முழுக்கத் திருகித் திருகிப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. "ஸ்டேஷன் எடுக்கல" என்றால் அலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். மின்சாரத்தில் சப்-ஸ்டேஷன். ஆஸ்திரேலியாவில் ஸ்டேஷன் என்றால் ஆயிரக்கணக்கான ஆடு மாடு மேயும் பெரும் பண்ணை. வானத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒருதரம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிற்பது என்ற வேரை இதைவிடக் கேலி செய்ய முடியாது.

ஸ்டேஷனரிக் கடையை மட்டும் அவசரமாகத் தாண்ட மனசில்லை. பேனா, நோட்டு விற்கும் கடைக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகளில் பெரும்பாலோர் ஊர் ஊராக அலைந்து விற்பவர்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்களை 'நிற்பவர்' என்ற பொருளில் ஸ்டேஷனர் என்றார்கள். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403-இல் தொடங்கியது. 1557-இல் ராஜ சாசனம் பெற்று நூல் அச்சிடுவதையே கட்டுப்படுத்தியது. புத்தகம் விற்றவர் பெயர் பிறகு தாள், மை பக்கம் நகர்ந்துவிட்டது. நம்மூரில் தலைச்சுமை வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

தமிழ்ப் பேச்சு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு தன் பங்குக்குச் செய்தது என்ன? அடைமொழியை வெட்டியது. ஆங்கிலத்தில் ஸ்டேஷன் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் ரயில்தான். தமிழில் அது குரலைப் பொறுத்தது. "அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றால் ரயில் இல்லை. "மாமாவை ஸ்டேஷன்ல விட்டுட்டு வர்றேன்" என்றால் போலீஸ் இல்லை. கூட்டிக்கொண்டு போனால் ஒன்று, விட்டுவிட்டு வந்தால் இன்னொன்று! வினைச்சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. ஸ்டேஷன் ஜாமீன், அவுட் ஸ்டேஷன் செக் என்று வங்கிக்கும் கோர்ட்டுக்கும் தனித்தனியாக ஒட்டுச் சொற்கள். அரசாங்கத் தமிழ் எல்லாவற்றுக்கும் நிலையம் போடுகிறது: காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், பேருந்து நிலையம். ஒன்றில் மட்டும் விதிவிலக்கு. போலிங் ஸ்டேஷனை வாக்கு நிலையம் என்று சொல்லவில்லை, வாக்குச்சாவடி என்றார்கள். வழிப்போக்கர் தங்கிப் போகும் சாவடி. ஒருநாள் மட்டும் இருந்துவிட்டுக் கலையும் இடத்துக்கு நிலையம் பொருந்தாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் போல. நல்ல தமிழாக்கம்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் என்ன, பக்கத்துச் சொல்லை வைத்துப் புரிந்துகொள்ள மாட்டோமா என்பது மொழியியலில் வழக்கமான பதில். சாதாரண நாளில் அது சரி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலே காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். முதலில் ஓடி ஏறியவர்கள் இந்த அடிவாரத்து ஜனங்கள்தான். அவர்களுக்குச் சரிவின் ஒவ்வொரு மடிப்பும் பெயரோடு தெரியும். வெளியூரிலிருந்து வருபவருக்குத் தெரியும் பெயர்கள் மிகக் கொஞ்சம், அதிலும் இரண்டு ஸ்டேஷன் என்று முடிபவை. அப்படி ஒரு சமயத்தில் ஒருவர் போனில் மூச்சிரைக்க "ஸ்டேஷன் பக்கம்" என்று மட்டும் சொல்லி இணைப்பு அறுந்துபோனால், கேட்பவர் எங்கே ஓடுவார்? குரங்கணியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, நடுமலையில் சென்ட்ரல், உச்சியில் டாப். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மணிக்கணக்கில் நடை. மலைக்குப் போகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள் இதுதான்: அங்கே ஸ்டேஷனைத் தனியாகச் சொல்லாதீர்கள். டாப், சென்ட்ரல் என்று முன்சொல்லைச் சொன்னாலே போதும், உள்ளூர்க்காரர்கள் பேசுவதும் அப்படித்தான்.

டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது, தேனி மாவட்டம். ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமென்றால் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறு போய், அங்கிருந்து இன்னொரு 32 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். குரங்கணியிலிருந்து நடந்தால் சரிவு நேராக மேலே போகிறது. தேயிலைப் பெட்டி கம்பியில் இறங்கிய தூரம் 5 கிலோமீட்டர்தான். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு போட வேண்டும் என்று ஜனங்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காடு, வன உயிர், மண்சரிவு என்று எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான காரணங்கள் உண்டு. சோலைக்குள் ரோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலைகளில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரிசி மூட்டையும் பிரசவ வலியும் இந்த விவாதம் முடியும் வரை காத்திருப்பதில்லை. ரோடு இல்லையென்றால் நல்ல நடைபாதை, மழையில் வழுக்காத படிகள், மேலே ஒரு நர்ஸ் என்றாவது தொடங்கலாம் என்பது என் கருத்து.

தேர்தல் வந்தால் குரங்கணிப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் போகும் படம் பேப்பரில் வரும். அதிகாரிகள் பின்னால் நடந்து ஏறுவார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பெட்டிகள் கம்பியில் இறங்கிய அதே சரிவில், இந்தத் தடவை வேறு பெட்டிகள் குளம்படியில் ஏறுகின்றன. ஓட்டு முடிந்ததும் சாவடி கலைந்து, குதிரை இறங்கிவிடும். சென்ட்ரல் ஸ்டேஷன்காரர்கள் சந்தைக்கு வர மறுநாள் காலையில் நடக்கத் தொடங்குவார்கள்.